“யூஸ்டு டு” என்றதும் “எப்போது நிறுத்தினீர்கள்?” என்று கேட்டது ஏன்?

கேள்வி: வேலைக்கான நேர்காணலில் என் அன்றாடப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டார்கள். “ஐ யூஸ்டு டு ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்” என்றேன். உடனே ஒருவர், “எப்போது நிறுத்தினீர்கள்?” என்றார். நான் நிறுத்தவே இல்லையே! என்ன தவறு செய்தேன்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் உங்களை மடக்கப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். “யூஸ்டு டு” கடந்த காலத்துப் பழக்கத்துக்கு மட்டும் உரியது. “முன்பெல்லாம் படிப்பேன்” என்று நீங்கள் சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். இப்போது இல்லை என்பதும் அதற்குள் ஒலிக்கும். இன்றும் தொடரும் பழக்கத்துக்கு “ஐ ரீட் த நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்” போதும். “வழக்கமாக” என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் “யூஷுவலி” சேர்க்கலாம்.

இந்தத் தவறுக்கு உங்களைக் குறைசொல்ல மாட்டேன். பழி நம் “-ப்பேன்” மீதுதான். “தினமும் பேப்பர் படிப்பேன்” என்கிறோம். “சின்ன வயதில் ஆற்றில்தான் குளிப்பேன்” என்றும் சொல்கிறோம். முதலாவது இன்றைய பழக்கம், இரண்டாவது என்றோ முடிந்துபோனது. பள்ளி இலக்கணத்தில் இந்த வடிவத்துக்குப் பெயர் எதிர்காலம்! தமிழ் ஒரே வினைமுற்றில் அடக்குவதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. போதாக்குறைக்கு “யூஸ்டு டு என்றால் வழக்கம்” என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். “படிப்பது வழக்கம்” என்பதிலோ காலமே தெரிவதில்லை. தமிழர்கள் மட்டுமல்ல, இந்தியாவில் பல மொழிக்காரர்களும் இப்படிப் பேசுவதைக் கேட்கலாம்.

ஒரு ஆறுதல்: பழைய ஆங்கிலத்தில் இது நிகழ்காலத்திலும் வழங்கியது. 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், 119-ஆம் சங்கீதத்தில், “ஆஸ் தௌ யூசெஸ்ட் டு டூ” என்று கடவுளை நோக்கிச் சொல்லும் வரி இருக்கிறது. “நீர் வழக்கமாகச் செய்வதுபோல” என்று பொருள். பின்னாளில் அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்துவிட்டது. நேர்காணலில் இந்தச் சங்கீதத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

வாய் திறக்கும் முன் தமிழிலேயே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சொல்ல வருவது “படித்துவந்தேன்” என்றால் “யூஸ்டு டு” பொருந்தும். “படித்துவருகிறேன்” என்றால் பொருந்தாது. இந்தச் சோதனை ஓரிடத்தில் மட்டும் காலை வாரும். “ஐந்து ஆண்டுகள் மதுரையில் வசித்துவந்தேன்” என்பது நல்ல தமிழ்; ஆனால் இத்தனை ஆண்டுகள் என்று கணக்குச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் “யூஸ்டு டு” வராது. “ஐ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கு இல்லையென்றால் “ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை” சரி.

இனி இதன் இரட்டைப் பிறவி. முன்னால் ஒரு “ஆம்” சேர்ந்தால் பொருளே வேறு. லாரி ஓட்டும் வேலைக்கு இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “ஐ யூஸ்டு டு டிரைவ் அட் நைட்” என்கிறார் ஒருவர்: முன்பு இரவில் ஓட்டியவர், இப்போது ஓட்டுவதில்லை. “ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங் அட் நைட்” என்கிறார் மற்றவர்: இரவில் ஓட்டுவது அவருக்குப் பழகிப்போன விஷயம். முதலாளி யாரைச் சேர்த்துக்கொள்வார்? இரண்டாவது வாக்கியத்தில் “டிரைவ்” என்பது “டிரைவிங்” ஆனதைக் கவனியுங்கள். “ஐ ஆம் யூஸ்டு டு” என்பதன்பின் “இங்” வடிவமோ பெயர்ச்சொல்லோதான் வரும்: “ஐ ஆம் யூஸ்டு டு நைட் ஷிஃப்ட்ஸ்”. இன்னும் முழுதாகப் பழகவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன் என்றால் “ஐ ஆம் கெட்டிங் யூஸ்டு டு”. சென்னைப் புழுக்கத்துக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும்.

எழுதும்போது, “டிட்” வந்துவிட்டால் “யூஸ்டு” கடைசியில் உள்ள “டி” எழுத்தை இழக்கும்: “டிட் யூ யூஸ் டு ப்ளே செஸ்?” பேச்சில் இந்த வேறுபாடு அநேகமாகக் கேட்காது. உச்சரிப்பில், “யூஸ்டு கார்” என்பதில் வரும் அதிர்வுள்ள இசட் ஒலி இங்கே கிடையாது. “பஸ்” என்பதில் உள்ள வெறும் “ஸ்” போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவசரத்தில் வாய் தவறி, “எப்போது நிறுத்தினீர்கள்?” என்று மறுபடியும் யாராவது கேட்டால் திகைத்து நிற்க வேண்டாம். “ஐ ஹாவன்ட். ஐ ஸ்டில் ரீட் இட்” என்று சொல்லிவிட்டு, அன்று காலை படித்த செய்தி ஒன்றை எடுத்துவிடுங்கள்.