பொம்மைக் கையில் வரும் ரத்தம் தோழியின் கையில் ஏன் வரவில்லை?

கேள்வி: ரத்தம் எடுக்கும் பயிற்சி வகுப்பில் படிக்கிறேன். பொம்மைக் கையில் சரியாக எடுக்கிறேன். கூடப் படிக்கும் தோழியின் கையில் முயன்றபோது இரண்டு தடவையும் வெயின் (ரத்தம் எடுக்கும் சிரை) நழுவிவிட்டது. கை வேறு நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பொம்மைக் கையில் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்பு குத்திய தடங்களும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மனிதருக்கு வெயின் தோலுக்கடியில் தளர்வாகக் கிடக்கிறது. ஊசிமுனை பட்டதும் பக்கவாட்டில் ஒதுங்கும். பெரும்பாலும் உங்கள் சிக்கல் ஊசி பிடிக்கும் கையில் இல்லை, தோலை இழுத்துப் பிடிக்க வேண்டிய மற்றக் கையில்தான் இருக்கும்.

குத்தும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே கட்டைவிரலை வைத்து, தோலை மணிக்கட்டுப் பக்கமாக இழுங்கள். ரத்தம் டியூபுக்குள் வரும்வரை அந்தப் பிடி தளரக் கூடாது. குத்தும் நொடியில் கவனமெல்லாம் ஊசிக்குப் போய்விடுவதால், புதிதாகப் பழகுகிறவர்கள் சரியாக அப்போதுதான் விரலைத் தளர்த்திவிடுகிறார்கள். குத்தும் இடத்துக்கு மேலே இன்னொரு விரல் வைத்து விரித்துப் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம். நோயாளி கையை உதறினால் ஊசி உங்கள் விரலில் ஏறும்.

அடுத்தது வெயினைத் தேடுவது. கண்ணை நம்பாதீர்கள். நீலமாகத் தெரிவது பல நேரம் மெல்லிய மேல்குழாய்; எடுக்கத் தோதான வெயின் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். முழங்கை மடிப்பின் நடுவில் ஆள்காட்டி விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். அமுங்கி மேலே எழும்பினால் வெயின். விறைப்பாக, அமுங்காமல் இருந்தால் தசைநாண். துடித்தால் தமனி, அங்கே போகவே கூடாது. மடிப்பின் உள்பக்கத்து வெயினைக் கடைசி வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தமனியும் நரம்பும் (நெர்வ்) அதற்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. தடவிப் பார்க்க ஊசி தேவையில்லை, வகுப்பும் தேவையில்லை. சம்மதிக்கிறவர்கள் கையையெல்லாம் தொட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் இதைவிடப் பயனுள்ள வீட்டுப்பாடம் இல்லை என்பேன்.

டூர்னிகெட்டை (கையை இறுக்கிக் கட்டும் பட்டை) குத்தும் இடத்துக்கு 7 முதல் 10 செ.மீ. மேலே கட்டுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். தேட நேரமானால் அவிழ்த்துவிட்டு, 2 நிமிடம் கழித்து மறுபடி கட்டலாம். கையை மூடித் திறக்கச் சொல்வதும் தவறு. பரிசோதனை முடிவில் பொட்டாசியம் அளவு பொய்யாகக் கூடிவிடும். மூடி வைத்திருந்தாலே போதும். ஸ்பிரிட் தடவியபின் 30 நொடி காயவிடுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். துடைத்த இடத்தை மறுபடி தொடாதீர்கள்.

நடுக்கத்துக்கு ஒரு வழி: ஊசி பிடித்த கையின் சுண்டு விரலை நோயாளியின் கைமீது ஊன்றிக்கொள்ளுங்கள். கை அந்தரத்தில் நிற்காததால் நடுக்கம் கணிசமாகக் குறையும். ஊசியின் சரிவான முகம் மேலே பார்க்க, 15 முதல் 30 டிகிரி சாய்வில், தயங்காமல் ஒரே சீராக உள்ளே செலுத்துங்கள். மெல்ல மெல்லத் தள்ளினால் வலியும் அதிகம், வெயினும் நழுவும்.

ரத்தம் வரவில்லையா? சற்று முன்னே அல்லது சற்றுப் பின்னே நகர்த்திப் பார்க்கலாம். உள்ளேயே இடமும் வலமும் துழாவக் கூடாது. மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிக்கிறது என்று அவர் சொன்னால், டூர்னிகெட்டை அவிழ்த்து உடனே ஊசியை எடுத்துவிடுங்கள், நரம்பில் பட்டிருக்கலாம். ஒருவரிடம் இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம், அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். அந்த வகையில் தோழியிடம் நீங்கள் இரண்டோடு நிறுத்தியது சரியே.

டியூப்களை எந்த வரிசையில் நிரப்புவது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ஊதா மூடி டியூபை சீரம் டியூபுக்கு முன்னால் மட்டும் நிரப்பிவிடாதீர்கள். அதிலுள்ள ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) பொட்டாசிய உப்பு. ஒரு துளி கலந்தாலும் அடுத்த டியூபில் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டலாம். டூர்னிகெட்டை அவிழ்த்த பிறகே ஊசியை உருவுங்கள். நோயாளி பக்கத்தில் இருக்கும்போதே டியூபில் பெயர் எழுதுங்கள். ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். உங்களைக் குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்போதே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை தோழியின் கையில் எடுக்கும்போது, உங்கள் கட்டைவிரலை மட்டும் கவனிக்கும்படி பயிற்றுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது எந்த நொடியில் தளர்கிறது என்பதை அவரால் சொல்லிவிட முடியும்.