கல்லூரி ரோபோ ஆராய்ச்சி தோப்புக்கு வந்து சேருமா?

கேள்வி: கோவையில் பொறியியல் படிக்கிறேன். பல்கலைக்கழகங்களில் நடக்கும் ரோபோ ஆராய்ச்சியால் நிஜத்தில் யாருக்காவது பயன் உண்டா, ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடுகிறதா?

பயன் உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது, அதனால் தென்னையை வைத்தே சொல்கிறேன்.

கேரளத்தில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் கொல்லம் மாவட்ட வளாகத்தில் 'அமரன்' என்ற தென்னை ஏறும் ரோபோவை உருவாக்கினார்கள். மரத்தை வளையமாகச் சுற்றிப் பிடித்துச் சக்கரங்களால் ஏறும். மேலே போனதும் ரம்பம் பொருத்திய கை குலையை அறுக்கும். கீழே நிற்பவர் ஜாய்ஸ்டிக்கிலோ மொபைலிலோ இயக்கலாம். 15 மீட்டர் உயர மரத்திலும், 30 டிகிரி சாய்ந்த மரத்திலும்கூட ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய வேலைதான். இருந்தாலும் பழகிய ஆள் அதைவிடச் சீக்கிரம் ஒரு மரத்தை முடித்துவிடுவார்.

மரம் ஏறுகிறவர் காய் போட்டதோடு இறங்கிவிடுவதில்லை. எந்தக் குலை முற்றியது என்று பார்த்தும் தட்டியும் முடிவு செய்கிறார். காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் இழுத்துப் போட்டுக் கொண்டையைச் சுத்தம் செய்கிறார். குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருந்தால் கம்பி விட்டு எடுக்கிறார். அதை அன்றைக்கு விட்டால் அடுத்த வெட்டு வரை, ஒன்றரை இரண்டு மாதம், யாரும் மேலே போகப் போவதில்லை. இவ்வளவையும் செய்யும் இயந்திரம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஏறத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களை நேரில் பார்த்தவன் என்பதால், இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஹோமோசெப்' ரோபோ களத்துக்கே வந்துவிட்டது. செப்டிக் டேங்குக்குள் தலைகீழ்க் குடை போல விரிந்து, அடியில் இறுகிய கசடைக் கலக்கிவிடும். அப்புறம் உறிஞ்சி எடுத்துவிடலாம். ஆள் இறங்க வேண்டியதில்லை. இந்த வேலையில் கணவரை இழந்த பெண்கள் முன்நிற்கும் சுய உதவிக் குழுக்களுக்கு 2022-இல் முதல் கருவிகளைக் கொடுத்தார்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, உங்களுக்கு என்ன சொல்வேன்? ஏறும் இயந்திரத்தை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டாம். முற்றிய குலையைக் கேமராவில் பிரித்தறிவது, குருத்தில் வண்டுத் துளையைக் கண்டுபிடிப்பது, இதில் ஒன்றை எடுங்கள். பாகம் கடைந்து தர கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் ஒரு வெட்டு நாளில் தோப்புக்கு வந்து, மரம் ஏறும் அண்ணன்களிடம் பேசுங்கள். சோதித்துப் பார்க்க மரம் வேண்டுமானால் எங்கள் தோப்பிலேயே தாராளமாகச் செய்யலாம்.