பழைய மரச் சாமானுக்குள் வீடியோ கேம் மெஷின் அமைக்கலாமா? மரம் வீணாகிவிடாதா?

அமைக்கலாம். நானே செய்திருக்கிறேன். தாத்தா காலத்துச் சாமானை அறுக்க வேண்டியிருக்குமே என்று நீங்கள் தயங்குவது நியாயம்தான். ஆனால் அறுக்காமலே முடியும்.

என்னிடம் இருந்தது ஒரு கல்லாப்பெட்டி. மதுரை கீழமாசி வீதியில் தாத்தா பலசரக்குக் கடை வைத்திருந்தபோது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதன் மேல்தான் கணக்கு எழுதுவார். தேக்கு. இரண்டரை அடி அகலம். பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் தட்டையான பலகை, அதில் காசு போடும் ஓட்டை. அங்கிருந்து முன்பக்கமாகச் சரிந்து இறங்கும் மூடி. கடையை மூடிய பிறகு மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுகளைச் சுமந்துகொண்டு கிடந்தது.

இந்தப் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு ஓடித்தான் சின்ன வயதில் தெருமுனைக் கடையில் முஸ்தபா ஆடுவேன். கேப்காம் 1993இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். நம் ஊரில் அப்படி யார் சொன்னார்கள்? அதில் வரும் தொப்பிக்காரன் பெயர்தான் ஆட்டத்துக்கும். கல்லாவில் காசு குறைவது அப்பாவுக்குத் தெரியும், எடுப்பது யார் என்பதும் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். மூடியில் மானிட்டர் அளவுக்குச் சதுரமாக அறுத்துக் கண்ணாடி பதிப்பதுதான் முதலில் என் திட்டம். ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தார். தாத்தா மஞ்சளில் எழுதிய 'உ', அதன் கீழே 'லாபம்'.

"தம்பி, இதுல நான் ரம்பம் வைக்க மாட்டேன். வேற ஆளப் பாருங்க" என்று எழுந்துவிட்டார். காபி கொடுத்து உட்கார வைத்தேன். டம்ளரைக் கீழே வைக்கும்போது அவரே கேட்டார்: "மூடியத் தெறந்து வச்சு விளையாண்டா ஆகாதா?"

அட! லேப்டாப் மாதிரி. மானிட்டர் மூடியின் உள்பக்கம், பொத்தான்கள் பெட்டிக்குள். மூடிவிட்டால் வெளியே தெரிவது கல்லாப்பெட்டி மட்டும்.

மானிட்டரைப் பிடித்து வைக்கவும் அவர் ஆணி அடிக்கவில்லை. மூடியின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் சட்டம் இருந்தது. அவற்றுக்கு நடுவே இரண்டு குறுக்குக் கட்டைகளை ஆப்பு வைத்து இறுக்கி, மானிட்டரின் பின்னால் உள்ள நான்கு திருகு ஓட்டைகளை அந்தக் கட்டைகளில் பொருத்தினார். நாளைக்கே வேண்டாம் என்றாலும் ஆப்பைத் தட்டிவிட்டால் போதும். 'லாபம்' மறையாதபடி மானிட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் நிற்கிறது. அகலத் திரை வாங்காதீர்கள். பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு என்று செய்யப்பட்டவை, அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான் மிச்சம். 17 அங்குல பழைய சதுர மானிட்டர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

நான் இரண்டு வாங்கினேன். முதலாவது என் முட்டாள்தனத்துக்குப் பலி. ஜாய்ஸ்டிக்கின் குமிழ் பலகைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று அளக்காமல் மூடியை மூடினேன். 'டக்' என்று ஒரு சத்தம். திறந்தால் திரையில் நட்சத்திரம் மாதிரி விரிசல். ஆகவே மூடிய நிலையில் குமிழுக்கும் திரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் அட்டையில் செய்து பாருங்கள், பிறகு பிளைவுட்டை அறுங்கள்.

பொத்தான் பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட். அது பெட்டிக்குள் நான்கு கட்டைகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, திருகு எதுவும் இல்லை. அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் வகைப் பொத்தான்கள் மெல்லிய தகட்டுக்குத்தான் சரி. மரத்துக்கு மரையிட்டு இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஜாய்ஸ்டிக் உட்காரும் இடத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் குடைய வேண்டும், இல்லாவிட்டால் தண்டு குட்டையாகிவிடும். முஸ்தபாவுக்கு இரண்டு பொத்தான் போதும். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு. நான் ஆளுக்கு நான்கு வைத்தேன், அதற்கு மேல் வைத்தால் இரண்டு பேர் முழங்கையும் மோதும்.

எதிர்பாராத தொல்லை எடை. மானிட்டரோடு மூடியை வேகமாகத் திறந்தால் பெட்டியே மல்லாக்கச் சாய்ந்தது. தாத்தா கடையின் ஐந்து கிலோ எடைக்கல் இரண்டு பரணில் கிடந்தன. அவற்றை முன்பக்கம் உள்ளே வைத்து, மூடி ஓர் அளவுக்கு மேல் போகாதபடி சங்கிலியும் போட்டபின் அசையவில்லை. மின்சார வயருக்கும் ஓட்டை போடவில்லை. பின் மூலையில் எலி ஒன்று எப்போதோ கடித்து வைத்திருந்தது!

மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுத்த பளபளப்பு ஒரு முறை போனால் போனதுதான். ஈரத்துணியால் துடைத்தேன், அவ்வளவே.

உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, அதில் பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருள். சூடு 80 டிகிரி செல்சியஸை எட்டினால் அந்தக் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதுரை மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அது வெகுதூரம் இல்லை. எனக்கு மூடி திறந்தே இருப்பதால் பிரச்சினை வரவில்லை. உங்களுடையது அடைத்த அலமாரி என்றால் சின்ன விசிறி அவசியம். பழைய ஆட்டங்களுக்கும் காப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். ரோபி ரோட்டோ என்ற பழைய ஆட்டம் மாதிரி உரிமையாளர்களே இலவசமாக அனுமதித்த சிலவும் இருக்கின்றன, அவற்றில் தொடங்கலாம்.

உடைந்த மானிட்டரையும் ஆசாரி கூலியையும் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆனது. பெட்டியே இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடலாம், செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ளதை இதற்காக வாங்காதீர்கள். கால் ஒடிந்தது, கண்ணாடி போனது போதும்.

கடைசியாகக் காசு ஓட்டை. அதன் அடியில் ஒரு அகச்சிவப்பு சென்சார் வைத்தேன். நாணயம் விழுந்தால் கீபோர்டில் 5ஐ அழுத்தியதாகக் கணக்கு. கடைகளில் இருந்த காசு போட்டு ஆடும் மெஷின்களின் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டுவது மேம் என்ற மென்பொருள், அதில் காயின் போடுவதற்கான விசை அதுதான். ஒரு டப்பாவில் ஐம்பது ஒரு ரூபாய் நாணயம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளைகள் வந்து அதை எடுத்துப் போட்டு ஆடுவார்கள், இரவு அப்பா கல்லாவைத் திறந்து எண்ணித் திரும்ப டப்பாவில் போடுவார். போன வாரம் ஐந்து ரூபாய் குறைந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு அவர் என்னைத்தான் பார்த்தார்.