சீலிங் போட்டும் 2 தான் வருகிறதா?

கேள்வி: என் டேபிளில் 41 பதிவுகள் இருக்கின்றன. பக்கத்துக்கு 20 வீதம் காட்டினால் 3 பக்கம் தேவை. ஆனால், எண்ணை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும் சீலிங் (CEILING) ஃபங்ஷனைப் போட்டு சீலிங்(41 / 20) என்று குவெரி (டேட்டாபேஸுக்கான கட்டளை) எழுதினால் 2 தான் வருகிறது. ஏன்?

பதில்: சீலிங் மேல் தப்பில்லை. அதன் கைக்கு வந்து சேரும்போதே எண் 2 ஆகிவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், 2.05-ல் இருக்கும் .05 அங்கேயே உதிர்ந்துவிடும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டும் 2.05 என்றே கொடுப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஓரிடத்தில் சரியாக ஓடிய குவெரி, டேட்டாபேஸ் மாறியதும் சத்தமில்லாமல் ஒரு பக்கத்தை விழுங்கிவிடுகிறது. எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

சீலிங்(41 * 1.0 / 20) என்று எழுதுங்கள், 3 வரும். 1.0-ஆல் பெருக்குவது வகுப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். (41 / 20) * 1.0 என்று அடைப்புக்குறி போட்டால் பழைய 2 தான். ஆரக்கிளில் மட்டும் பெயர் சீல்.

சீலிங்குக்குப் பதிலாக, அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் ரவுண்டை வைத்து ரவுண்ட்(எண் + 0.5) என்று சிலர் எழுதுவார்கள். வேண்டாம். எண் சரியாக 3 ஆக இருந்தால் அது 3.5 ஆகி, 4-ல் போய் நிற்கும்.

முழு எண்ணுக்கு அல்லாமல் இரண்டு தசம இடம் வரை வைத்து மேல்நோக்கி ஏற்ற சீலிங்(தொகை * 100) / 100 போதும், 12.341 என்பது 12.35 ஆகும். ஆனால் அந்த நெடுவரிசையின் (column) வகை ஃப்ளோட், அதாவது தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வகை, என்றால் கவனம். 1.1-ஐ 100-ஆல் பெருக்கினால் ஃப்ளோட்டில் 110.00000000000001 வருகிறது. சீலிங் அதை 111 ஆக்கும், விடை 1.11. ஏற்றவே தேவையில்லாத எண் ஏறிவிட்டது! பணம் என்றால் தசமங்களைத் துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் வகையில் வையுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மைனஸ் எண்களும் வருமா? சீலிங்(-2.3) என்பது -2. உங்களுக்கு -3 வேண்டுமென்றால் சைன்(எண்) * சீலிங்(ஏபிஎஸ்(எண்)) என்று எழுதலாம். இங்கே சைன் (SIGN) என்பது எண்ணின் பிளஸ்/மைனஸ் குறியையும், ஏபிஎஸ் (ABS) என்பது குறி நீக்கிய எண்ணையும் தரும்.

அப்புறம், கூட்டுத்தொகை எடுப்பதாக இருந்தால் எங்கே ஏற்றுவது என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2.1 உள்ள மூன்று வரிசைகளைத் தனித்தனியாக ஏற்றிக் கூட்டினால் 9, கூட்டியபின் ஏற்றினால் 7. எது சரி என்பதைக் கணக்கின் விதிதான் சொல்லும், குவெரி சொல்லாது.