மேடம் பெயர் முதலில்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியர் நான். வயது 36. பகுதி நேரமாக பிஹெச்.டி.யும் ஓடுகிறது. வருஷத்துக்கு இரண்டு கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று நிர்வாகம் நெருக்குகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு சர்வதேசக் கருத்தரங்க அறிவிப்பு வந்தது. ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டினால் ஏழே நாளில் ஐஎஸ்எஸ்என் எண்ணுள்ள இதழில் கட்டுரை வந்துவிடுமாம். எனக்கு எழுத நேரமில்லை, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, இரண்டு பிள்ளைகள் வேறு. என் எம்.ஏ. மாணவி ஒருத்தி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர் மகள், பர்மாவைக் களமாக வைத்த ஆங்கில நாவல்களையும் இங்கே ஆயாக்கள் (பாட்டிமார்) சொல்லும் பர்மாக் கதைகளையும் சேர்த்து நன்றாக எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பணம் கட்ட வசதியில்லை, இரண்டு பேருக்கும் நானே கட்டிவிடுவேன். மேடம் பெயரையே முதலில் போடுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த இதழ் நம்பகமானதா ஆச்சி? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதே. ஆச்சி என்று கூப்பிட்டாய், அதனால் நீ என்றே பேசுகிறேன்.

கேட்டதற்குப் பதிலை முதலில் முடித்துவிடுகிறேன். உருப்படியான இதழ் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது கட்டுரையைப் படித்துக் குறை எழுதி, நீ திருத்தி, மறுபடி அனுப்பி, அச்சில் வர மாதக்கணக்கில் ஆகும். சில இடத்தில் வருஷமே ஓடிவிடும். ஏழு நாளில் போடுகிறவன் படிக்காமல் போடுகிறான். ஐஎஸ்எஸ்என் என்பது ரேஷன் கார்டு எண் மாதிரி ஓர் அடையாளம், டெல்லியில் விண்ணப்பித்தால் காசில்லாமல் தருவது, அது தரச்சான்று கிடையாது. நம் துறையில் பெயரெடுத்த இதழ்கள் பெரும்பாலும் எழுதுகிறவரிடம் காசு கேட்பதில்லை. 2018 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கி எறிந்தது. அப்புறம் அதற்குப் பதிலாகக் கேர் பட்டியல் என்று ஒன்று வந்தது, 2025 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. இனி இதழை எடைபோடுவது உங்கள் கல்லூரியின் பொறுப்பு. இன்னொன்று, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-லேயே யுஜிசி எடுத்துவிட்டது. உன் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று போய்க் கேள், வாட்ஸ்அப்பில் கேட்காதே.

சரி, இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "அவளே சொல்லிவிட்டாள்."

வேறென்ன சொல்வாள்? இன்டெர்னல் மார்க் உன் கையில், வைவாவில் எதிரே உட்காருவதும் நீ, நாளைக்கு எங்காவது வேலைக்குப் போனால் ஒரு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டியதும் நீதான். அவள் அப்பா கண்ணாடி மேல் கலவையை ஊற்றிக் கையாலேயே பூப்போட்டுக் கொடுக்கிறார், எந்தக் கல்லிலும் அவர் பெயர் இருக்காது, வீட்டுக்காரர் பெயர்தான் வாசலில் இருக்கும். அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாக ஒரு பிள்ளை தன் பெயர் போட்டு ஒன்றை எழுதியிருக்கிறது, அதையும் நீ வாசலில் நின்று வாங்கப் பார்க்கிறாய். விலையும் பேசிவிட்டாய், 2,500 ரூபாய்.

அறிவியல் துறையில் ஒரே கட்டுரையில் ஐந்து பெயர் வரும், அதற்கு நியாயம் உண்டு. ஆய்வுக்கூடம் ஒருவருடையது, கருவியில் உட்கார்ந்தவர் இன்னொருவர். இலக்கியத்தில் அப்படி என்ன இருக்கிறது? படித்தவர் ஒருவர், யோசித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், மூன்றும் ஒரே ஆள். ஆங்கில இலக்கியக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரில் வருவது அதனால்தான். உனக்குக் கணக்கு தெரியாமலும் இல்லை. யுஜிசியின் 2018 விதிப்படி, இரண்டு பேர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீதம் மதிப்பெண். உன் 70 உன் பதவி உயர்வுக்கு. அவள் 70-ஐ எங்கே கொண்டுபோய்ப் போடுவாள், அவளுக்கு வேலையே இல்லையே!

என் ஐயா பன்னிரண்டு வயசில் பெட்டியடிப் பையனாக, வட்டிக்கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகுகிறவனாக, பர்மாவில் ரங்கூன் போனவர். ஒரு தடவை போனால் மூன்று வருஷக் கணக்கு. முதலாளியின் பழைய பேரேடு ஒன்று பின்னால் எங்கள் கைக்கு வந்தது, அதில் அந்தப் பொடியன் பெயருக்கும் தனிப் பற்றுவரவு இருந்தது, அவனுக்கு வாங்கிய வேட்டி வரைக்கும். லேவாதேவி செய்தவர்களை ஊர் எவ்வளவோ ஏசியிருக்கிறது, ஏச வேண்டியதும் இருந்தது. ஆனால் அவன் வரவை இவன் பக்கத்தில் எழுதினால் அன்றோடு கடையில் இடமில்லை. பர்மாக் கதையை எழுதிய பிள்ளையிடம் நீ செய்யப் பார்ப்பது அதைத்தான்.

உன் கடிதத்தை மறுபடி முழுசாகப் படித்தேன், மேலே அச்சில் இருப்பது சுருக்கம்தான். இதழின் பெயர் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது. அவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. மாணவி ஒருத்தி, அவ்வளவுதான்.

மாமியாருக்கு முடியவில்லை என்றால் மாமியாரைப் பார். அது உன் கடமை, நான் பழைய ஆள், அப்படித்தான் சொல்வேன். (அவர் பெற்ற மகன் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அவருக்கும் கை இருக்கிறதல்லவா?) இந்த வருஷம் முடியவில்லை, அடுத்த வருஷம் எழுதித் தருகிறேன் என்று நிர்வாகத்திடம் நேராகப் போய்ச் சொல். திட்டுவார்கள், இன்க்ரிமென்ட்டில் கை வைத்தாலும் வைப்பார்கள், வாங்கிக்கொள். உன் வீட்டுப் பாரத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை தலையில் இறக்காதே.

அவளுக்கு நீ செய்ய வேண்டியது வேறு. கட்டுரையை வரி வரியாகப் படித்துச் சிவப்பு மையில் திருத்து. எம்எல்ஏ என்ற மேற்கோள் முறைப்படி மேற்கோள்களைச் சரிசெய்யச் சொல்லிக் கொடு, அதன் கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு, 2021-இல் வந்தது, உங்கள் நூலகத்தில் பழசுதான் இருக்கும். எந்த ஆயா எந்த ஊரில் சொன்ன கதை என்று அவள் குறித்திருக்கிறாளா, அச்சில் போட அவர்கள் சம்மதித்தார்களா என்று கேள். முந்நூறு வார்த்தைக்குள் ஒரு சுருக்கம் எழுத வை. பல்கலைக்கழக ஆங்கிலத் துறைகள் நடத்தும் கருத்தரங்குகளில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவாக வைப்பது உண்டு, அப்படி ஒன்றில் அவள் தனியாக நின்று வாசிக்கட்டும், நீ பின் வரிசையில் உட்கார். உன் உழைப்புக்குக் கட்டுரை முடிவில் ஒரு வரி நன்றி எழுதுவாள், அது உனக்குச் சேர வேண்டியது, தாராளமாக வாங்கிக்கொள்.

பணம் கட்டியே ஆக வேண்டும் என்று கை அரித்தால் அவள் பஸ் காசையும் ஜெராக்ஸ் காசையும் கட்டு. திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, உன் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பிரதியை அவள் கையில் கொடு. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று எழுதியிருந்தாய், அது பாட்டுக்குப் போகட்டும்.