பந்தை விட்டு வானத்தைப் பார்க்கும் பிள்ளை

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எட்டு வயது மகன் 9 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் ஆடுகிறான். பந்து வரும்போது புல்லைக் கிள்ளிக்கொண்டு நிற்கிறான். 'கவன மாத்திரை' கேளுங்கள் என்கிறார் கோச். தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டினால் பெரிய கிளப்பின் டிரையல்ஸ் (ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம்) வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அவனை எங்கே நிறுத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளையைப் பின்வரிசை ஓரத்தில் தள்ளிவிடுவது வழக்கம். பந்தே வராத இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை புல்லைத்தான் கிள்ளுவான். நடுக்களத்தில் விடச் சொல்லுங்கள். பயிற்சியில் சுமார் 30க்கு 20 மீட்டர் இடத்தில், கோல்கீப்பர் இல்லாமல், நாலுக்கு நாலு ஆடினால் பந்து காலுக்கு வந்துகொண்டே இருக்கும். வரிசையில் காத்து நின்று உதைக்கும் பயிற்சி இவனுக்கு ஆகாது. பந்து தூரத்தில் இருக்கும்போது, அதை வைத்திருப்பவன் பெயரைச் சத்தமாகச் சொல்வது மட்டும் இவன் வேலை. ஓரத்தில் நின்று கத்தாதீர்கள். பந்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

மாத்திரை பற்றி முடிவு சொல்வது கோச்சின் வேலை இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் இதே சிக்கல் ஆறு மாதமாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

டிரையல்ஸ்காரர் விஷயத்தில் உஷார். கிளப் அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பிறப்புச் சான்றிதழை அவர் கையில் கொடுக்காதீர்கள். வெளிநாடு என்று ஆசை காட்டினால் பேச்சை முடித்துவிடுங்கள்: 18 வயதுக்குக் கீழே நாடு மாறி ஆடுவதை, சில விலக்குகள் தவிர, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடுக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பெயர்கள் தேசியப் பிள்ளைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் இருக்கும். தன் பெயர் அதில் இல்லை என்ற சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இதைப் பெற்றோர் கேட்டு வாங்கவேண்டியிருப்பதே அநியாயம். எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளிப் பட்டியல் போட நேரம் இருக்கும் நிர்வாகிகள் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போதே சட்டென நின்று, பத்து இருபது விநாடி வெறித்துப் பார்த்து, தோளைத் தொட்டாலும் உணராமல், பிறகு நடந்ததே தெரியாமல் ஆட்டத்தைத் தொடர்கிறானா? கண்ணிமை படபடக்கிறதா? கனவு காணும் பிள்ளை தொட்டால் திரும்புவான், இப்படி வெறித்து நிற்பவன் திரும்பமாட்டான். இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். மைதானத்திலும் இது கண்ணில் படலாம். போனில் வீடியோ எடுங்கள். மருத்துவமனை அறையில் அது வரும் என்று நிச்சயமில்லை. கிளினிக்கில் காட்டி, மூளை அலைப் பரிசோதனைக்குப் பரிந்துரை கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தேதி தள்ளிப்போகும், விடாமல் கேளுங்கள். முடிவு வரும்வரை நீச்சல் குளத்திலோ கடலிலோ அவனைத் தனியாக விடாதீர்கள்.