மூன்று மணிக்கு மூளை ஏன் படுத்துவிடுகிறது?

இளவயதிலேயே சர்க்கரை வந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எனக்கும் 29 வயதில் வந்ததுதான். இப்போது நீரிழிவு ஆலோசகராக இருக்கிறேன்.

கேள்வி: வயது 34. மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரே மந்தம். ஒரே மெயிலை மூன்று தடவை படிக்கிறேன். இது சோம்பலா, சர்க்கரையா?

பதில்: ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திச் சர்க்கரையை அளந்து பார்த்துவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு நாலு நாள். 180க்கு மேலேயே நின்றால் சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கிறது. சாப்பிட்டதும் நாற்காலிக்குப் போகாமல் பத்து நிமிடம் நடந்து, மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? மதியச் சாப்பாட்டைப் பற்றி விலாவாரியாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அளவு ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். மூன்று தடவை எழுந்தவருக்கு மிச்சத் தூக்கம் ஆபீசில்தான் வரும்.

கேள்வி: நான் லீவே போடுவதில்லை. ஆனாலும் வேலை தேங்குகிறது. திரையும் சில நாள் மங்கலாகத் தெரிகிறது.

பதில்: லீவு என்றால் பதிவேட்டில் ஏறும். சீட்டில் உட்கார்ந்தபடியே காணாமல் போகும் இரண்டு மணி நேரம் எதிலும் ஏறாது. நம் வயதுக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் நஷ்டம் இதுதான். கண் விஷயம்: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் நீர்ச்சத்தும் மாறும், பவரும் ஆடும். விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புதுக் கண்ணாடியை மட்டும் சர்க்கரை நிலைப்பட்ட பிறகு வாங்குங்கள். நான் அவசரப்பட்டு வாங்கியது இரண்டே மாதத்தில் டிராயருக்குப் போய்விட்டது.

கேள்வி: சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். அன்று காலை சாப்பிடவில்லை. மீட்டிங் நடுவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. பேசிக்கொண்டிருந்தது என்ன என்றே மறந்துவிட்டது.

பதில்: லோ சுகருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அந்த மாத்திரை, சாப்பிட்டீர்களா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லையா, இன்னொரு 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

மீட்டரில் எண் சரியானதும் தலையும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தெளிய முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள், கணக்கு எதையும் முடித்து அனுப்பாதீர்கள். நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கேள்வி: வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறது. மாத்திரையை எப்போது போடுவது?

பதில்: ஷிஃப்ட் அட்டவணையை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பார்க்காமல் எழுதிய சீட்டு பகல் வேலைக்காரருக்கானது.

கேள்வி: மேலாளரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சில வேலைகளில், குறிப்பாக வண்டி ஓட்டுபவர்களுக்கு, சொல்லியாக வேண்டும் என்றே விதி இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றபடி அது உங்கள் இஷ்டம். ஆனால் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் உளற ஆரம்பிக்கும்போது குளுக்கோஸ் எந்த டிராயரில் இருக்கிறது என்று அவர்தான் தேட வேண்டியிருக்கும்.